யார் சொல் அம்பலம் ஏறும்?

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பல் டாக்டர் என்று போனில் குறித்துக்கொள்கிறோம். குறித்த கணத்தில் அந்தச் சந்திப்பு அந்த ஒரு போனில் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த சில நொடிகளில் எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து அலுவலக லேப்டாப்புக்கும், வீட்டில் கிடக்கும் டேப்லெட்டுக்கும், குடும்பக் காலண்டரில் போட்டிருந்தால் வீட்டிலுள்ள மற்றவர்களின் போன்களுக்கும் போய்ச் சேர்கிறது. இப்போது ஒரே சந்திப்பு ஐந்தாறு இடங்களில். இதில் எது அசல், எது நகல்? நம் மனக்கணக்கில் கையில் இருக்கும் போன்தான் அசல். மென்பொருளை எழுதியவரின் கணக்கில் சர்வரில் இருப்பதுதான் அசல், போன் அதைக் காட்டும் ஒரு ஜன்னல். இரண்டு கணக்கும் பொருந்திப் போகும்வரை இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படுவதில்லை. பொருந்தாத அன்று "சிங்க் ஆகலை" என்கிறோம்.

அந்தப் புகாருக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது: சரியான காலண்டர் என்று ஒன்று இருக்கிறது, ஏதோ ஒரு கருவி இன்னும் அதை எட்டிப்பிடிக்கவில்லை. பாதி நேரம் இது உண்மைதான். மீதி நேரம் நடப்பது வேறு. ரயிலில் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் நான்கு மணியை ஐந்தாக மாற்றுகிறார். சிக்னல் இல்லை, மாற்றம் போனிலேயே நிற்கிறது. அதே சமயம் வீட்டில் இருப்பவர் அதே சந்திப்பை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுகிறார். இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்தவரை சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். வண்டி விழுப்புரத்தை நெருங்கும்போது சிக்னல் வருகிறது, போன் சர்வரோடு பேசுகிறது. அந்தப் பேச்சில் ஒருவர் சொல் அம்பலம் ஏறுகிறது, மற்றவர் சொல் ஏறாமல் போகிறது. எந்த நியாயத்தில் என்று திரையில் ஒரு வரிகூட வருவதில்லை. அனேகமாகக் கடைசியாக எழுதியவர் ஜெயிப்பார், அல்லது சர்வர் ஜெயிக்கும். என் வருத்தம் தோற்பதைப் பற்றியதல்ல. தோற்ற செய்தியே தோற்றவருக்கு வந்து சேராததைப் பற்றியது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1996இல் பாம் நிறுவனம் கொண்டுவந்த பைலட் என்ற கையடக்கக் கருவியை இன்றைய வாசகர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டைப் பையில் அடங்கும். பிளாஸ்டிக் குச்சியால் திரையில் எழுதலாம். கூடவே ஒரு தாங்கி வரும். அதிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள். தாங்கியின் முன்பக்கம் ஹாட்சிங்க் என்று ஒரே ஒரு பொத்தான். வெளியே சுற்றிவிட்டு வந்து கருவியைத் தாங்கியில் உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தினால் கையிலிருந்த நாட்குறிப்பும் மேசைக் கணினியின் நாட்குறிப்பும் சமமாகும். இரண்டே பிரதிகள். சமமாக்கும் நேரத்தையும் மனிதரே தீர்மானித்தார். இரண்டு பக்கத்திலும் ஒரே பதிவு வெவ்வேறாக மாற்றப்பட்டிருந்தால் அந்தக் கருவி செய்தது மிக எளிய காரியம்: இரண்டையும் வைத்துக்கொண்டது. திரையில் ஒரே சந்திப்பு இரண்டு தடவை தெரியும். எது சரி என்று பார்த்து ஒன்றை அழிப்பது உங்கள் வேலை. இரட்டைப் பதிவுகள் என்று அக்காலத்துப் பயனாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். எனக்கோ அதில் ஒரு பணிவு தெரிகிறது. 'உங்களுக்குள் தகராறு இருக்கிறது, தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒதுங்கி நிற்கும் பணிவு.

அதற்கு முந்தைய ஆண்டே, கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் டெர்ரியும் சகாக்களும் 'பேயூ' என்ற அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இணைப்பு விட்டுவிட்டுக் கிடைக்கும் கருவிகள் எப்படி ஒரே தகவலைப் பகிர்ந்துகொள்ளும் என்பது அவர்கள் கேள்வி. எடுத்துக்கொண்ட உதாரணம் அலுவலகத்தில் கூட்ட அறையை முன்பதிவு செய்வது. அவர்கள் யோசனையில் ஒரு பதிவு வெறும் 'பத்து மணிக்கு அறை வேண்டும்' என்று மட்டும் போகாது. அந்த நேரம் காலியா என்று பார்க்கும் சோதனையும், இல்லையென்றால் பதினொன்று, அதுவும் இல்லையென்றால் மறுநாள் என்ற மாற்று ஏற்பாடும் அதனுடனேயே பயணம் செய்யும். தகராறு வந்தால் என்ன செய்வது என்பதைப் பதிவு செய்தவரே முன்கூட்டிச் சொல்லி அனுப்புகிறார். இன்னொன்றும் சொன்னார்கள், எனக்கு அதுதான் முக்கியம். ஒரு பதிவு முதலில் தற்காலிகமானது. பொறுப்பிலுள்ள ஒரு சர்வர் வரிசையை முடிவுசெய்த பிறகே அது உறுதியாகிறது. இந்த இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசம் பயனாளருக்குத் தெரியவேண்டும். 'இன்னும் முடிவாகவில்லை' என்று திரை சொல்லவேண்டும்.

இன்றைய காலண்டர் செயலியைத் திறந்து பாருங்கள். நேற்றே சர்வரை அடைந்த சந்திப்பும், இந்த நிமிடம் போனில் மட்டும் இருக்கும் சந்திப்பும் பெரும்பாலும் ஒரே நிறக் கட்டத்தில் ஒரே தடிமனில் உட்கார்ந்திருக்கும். இணையத் தளமொன்றின் முகவரியைக் கொடுத்து 'சந்தா' செய்துகொண்ட காலண்டர் இன்னும் மோசம். பள்ளி விடுமுறைப் பட்டியல், கிரிக்கெட் அட்டவணை போன்றவற்றை அப்படித்தான் சேர்த்துக்கொள்கிறோம். அதை உங்கள் செயலி எத்தனை மணிக்கொரு தடவை போய்ப் பார்க்கிறது என்பது உங்கள் கையில் இல்லாமலும் இருக்கலாம். சிலவற்றில் அது ஒரு நாள்கூட ஆகும். மழை விடுமுறையைப் பள்ளி காலை ஆறு மணிக்கே காலண்டரில் ஏற்றியிருக்கும். பெற்றோர் போனில் அன்று பரீட்சை என்றே இருக்கும். வெளிறிய நிறமாகவோ ஒரு சாய்வெழுத்தாகவோ சந்தேகத்தைக் காட்ட முடியாத அளவுக்கா திரைகளில் வண்ணப் பஞ்சம்?

சேர்ப்பதைவிட நீக்குவதுதான் ஒத்திசைவில் கடினம். யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு சந்திப்பு சர்வரில் இல்லை, ஆனால் போனில் இருக்கிறது என்று வையுங்கள். இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. போனில் இப்போதுதான் புதிதாகச் சேர்த்திருக்கலாம். அல்லது முன்பு இரண்டிலும் இருந்ததை வேறொரு கருவியிலிருந்து யாரோ அழித்திருக்கலாம். முதலாவது என்றால் சர்வருக்கு அனுப்பவேண்டும், இரண்டாவது என்றால் போனிலும் அழிக்கவேண்டும். வெறுமனே இல்லாமையைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஆகவே சர்வர் அழித்ததை முழுசாக மறக்கக்கூடாது. இன்ன பதிவு இருந்தது, அழிக்கப்பட்டது என்று ஒரு கல் நட்டு வைக்கவேண்டும். 2012இல் வந்த ஆர்.எஃப்.சி. 6578 என்ற இணைய விதி இந்தக் காரியத்தைத்தான் ஒழுங்குபடுத்துகிறது. கருவி கடைசியாக வந்துபோனபோது சர்வர் ஓர் அடையாளச் சீட்டைக் கொடுத்தனுப்பும். அடுத்த தடவை அதை நீட்டினால், அதன்பின் சேர்ந்தவை, மாறியவை, போனவை என்று பட்டியல் கிடைக்கும்.

ஆனால் கற்களை என்றென்றைக்கும் காக்க யாருக்கும் இடமில்லை. மேசை இழுப்பறையில் நெடுநாள் கிடந்த பழைய போனுக்குச் சார்ஜ் ஏற்றி உயிர்கொடுத்தால், அது நீட்டும் சீட்டு செல்லாது என்று சர்வர் சொல்லிவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்துக்கொள் என்று திருப்பி அனுப்பும். ஒழுங்காக எழுதப்பட்ட செயலி கையிலிருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளும். அரைகுறையாக எழுதப்பட்டது, தன்னிடம் உள்ளவற்றையெல்லாம் புதியவை என்று எண்ணிச் சர்வருக்கு ஏற்றும். ரத்தான கூட்டங்கள், காலி செய்துவிட்ட வாடகை வீட்டின் மின்கட்டண நினைவூட்டல்கள், இறந்துபோன உறவினரின் டயாலிசிஸ் நாட்கள் எல்லாம் எழுந்து வந்துவிடும். இவற்றை மறுபடி ஒவ்வொன்றாக அழிக்க உட்காருவதைப்போல ஒரு வேலை இல்லை.

கடைசியாக எழுதியவர் ஜெயிப்பார் என்றேன். 'கடைசி' என்பதை எப்படி அறிவது? நேரத்தை வைத்து. யாருடைய கடிகாரத்து நேரம்? காலண்டர்களை ஒத்திசைக்கும் வேலையில் நம்பக்கூடாத ஒன்று உண்டென்றால் அது கடிகாரம்தான். போனின் நேரத்தைக் கையால் பத்து நிமிடம் முன்னே வைத்துப் பழகியவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்கள் செய்யும் திருத்தம் எப்போதும் எதிர்காலத்திலிருந்து வரும், எப்போதும் ஜெயிக்கும். லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: பிரிந்திருக்கும் கணினிகளுக்கிடையே எது முன், எது பின் என்பதைச் சுவர்க் கடிகாரத்தைக் கேட்காமல், எந்தச் செய்தி எதற்குப் பிறகு வந்தது என்ற தொடர்பைக் கொண்டே தீர்மானிக்கலாம். ஒன்றையொன்று அறியாமல் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு முன்பின் என்று எதுவுமே இல்லை. இயற்பியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. காலண்டர் பார்ப்பவர்களுக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

கால்டேவ் என்ற நெறிமுறை, அதாவது 2007இல் ஆர்.எஃப்.சி. 4791 ஆக வந்து இன்று ஆப்பிளும் இன்னும் பலரும் பயன்படுத்துவது, இந்தச் சிக்கலை நாகரிகமாகவே கையாளுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் சர்வர் ஒரு முத்திரை இடுகிறது. பதிவு மாறினால் முத்திரை மாறும். திருத்தம் அனுப்பும் கருவி 'நான் கடைசியாகப் பார்த்தது இந்த முத்திரை. அது இன்னும் இருந்தால் மட்டும் என் திருத்தத்தை ஏற்றுக்கொள்' என்று நிபந்தனை போடலாம். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் சர்வர் 412 என்ற எண்ணைச் சொல்லி மறுக்கும். கடிகாரத்துக்கு வேலையே இல்லை. ஆக, நெறிமுறைக்குத் தகராறு நடந்தது தெரியும், செயலிக்கும் தெரியும். அதை நம்மிடம் சொல்லாமல் மறைப்பது செயலிதான். தொந்தரவு செய்யவேண்டாம் என்ற நல்லெண்ணம்! 412ஐ வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எல்லாம் சுகம் என்று முகத்தைக் காட்டும்.

இந்த நெறிமுறையில் ஓடுவது ஐகேலண்டர் என்ற எழுத்துக் கோப்பு. 1996இல் ஆப்பிள், ஏ.டி.அண்ட்.டி., ஐ.பி.எம்., சீமென்ஸ் ஆகியவை சேர்ந்த கூட்டமைப்பு தொடங்கி வைத்ததன் வழித்தோன்றல். 1998இல் ஆர்.எஃப்.சி. 2445 ஆனது, 2009இல் 5545 ஆகத் திருத்தப்பட்டது. சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் படிக்கலாம். அதில் ஒரு விதி: ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகாமல் மடித்து அடுத்த வரியில் தொடரவேண்டும். ஆங்கிலத்துக்கு 75 பைட் என்பது 75 எழுத்து. தமிழுக்கு யு.டி.எஃப்-8 முறையில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட். 'கு' என்று எழுத ககரத்துக்கு ஒன்று, உகரக் குறிக்கு ஒன்று என்று ஆறு. தலைப்பு வரியின் ஆரம்பத்தில் 'சம்மரி' என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் 8 பைட்டை எடுத்துக்கொள்ள, மிச்சம் 67. இடைவெளி விடாத ஒரு நீண்ட தமிழ்ச்சொல்லில் 22 குறியீடுகள் முழுசாக ஏறும். 23ஆவதன் முதல் பைட் இந்த வரியிலும் மற்ற இரண்டும் அடுத்த வரியிலும் விழும். எளிமையாக எழுதப்பட்ட செயலிகள் இப்படி எழுத்தின் நடுவிலேயே மடித்துவிடக்கூடும் என்று விதிநூலே எச்சரிக்கிறது; மடிப்பைப் பிரித்த பிறகே எழுத்தாகப் படிக்கவேண்டும் என்பது தற்காப்பு. அதைச் செய்யாத செயலியில்தான் தமிழில் குறித்த 'குடும்பநலநீதிமன்றவிசாரணை' நடுவில் கறுப்புக் கட்டமும் கேள்விக்குறியுமாக வந்து நிற்கும். முழுநாள் நிகழ்ச்சிக்கும் ஒரு பொறி உண்டு. ஐந்தாம் தேதி முழுதும் என்றால் முடிவு ஆறாம் தேதி என்று எழுதவேண்டும், ஆறு கணக்கில் சேராது. இதைப் புரிந்துகொள்ளாத மென்பொருளுக்கு மாறினால் எல்லாப் பண்டிகையும் இரண்டு நாள் நடக்கும். குழந்தைகள் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

பொது நெறிமுறை என்பது கடவுள் கொடுத்ததல்ல. 2006இல் காலண்டரைத் தொடங்கிய கூகுள், 2013 மார்ச்சில் கால்டேவ் வழியை அனுமதி பெற்ற சில நிறுவனங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு மூடப்போவதாக அறிவித்தது. கூகுள் ரீடரை மூடப்போவதாகச் சொன்ன அதே அறிவிப்பில். ரீடருக்காக அழுத உலகம் இதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. செயலி எழுதுகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். ஜூன் மாதம் நிறுவனம் பின்வாங்கி வழியைத் திறந்தே விட்டது. 2019இல் நேர்மாறான சங்கடம். யாரோ முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய மோசடி அழைப்புகள், நாம் ஏற்காமலே நம் காலண்டரில் ஏறி உட்கார்ந்தன. அழைப்பு வந்ததும் காலண்டரில் தானாகக் குறித்துவைப்பது வசதிக்காகச் செய்த ஏற்பாடு. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்தாலே போவதா வேண்டாமா என்று வீட்டில் நாலு பேர் யோசிக்கும் ஊரில், அழைத்தவுடனேயே வந்ததாகக் கணக்கெழுதும் இயந்திரம் கொஞ்சம் அவசரக்காரத்தனமாகவே படுகிறது.

பிரதிகள் ஒத்துப்போக வேறொரு வழியும் இருந்திருக்கிறது. செய்தியே அனுப்பாமல் ஒத்துப்போவது. ஜான் வாரன் என்பவர் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தவர். 1825இல் சென்னையில் அச்சான அவரது 'காலசங்கலித' என்ற பெருநூலில் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளை வைத்துக்கொண்டு, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளால் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாய்பாடு என்றால் எண் வரிசை அல்ல, வாக்கியம். வரருசி பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. அடுத்தடுத்த 248 நாட்களுக்குச் சந்திரன் நிற்கும் இடத்தை ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளும் எண்ணாகப் பொதிந்து வைத்திருக்கின்றன. இந்த வாக்கியங்களைக் கற்ற இரண்டு கணிதர்கள், ஒருவர் புதுச்சேரியிலும் ஒருவர் திருநெல்வேலியிலும் இருந்துகொண்டு, வாழ்நாளில் சந்திக்காமலே, ஒரே திதிக்கு ஒரே நாழிகையைச் சொல்வார்கள். கேபிள் வேண்டாம், சர்வர் வேண்டாம். விதி ஒன்றாக இருந்தால் விளைவு ஒன்றாக இருக்கும். செய்தி பரிமாறி ஒத்துப்போவதற்கும் விதியைப் பகிர்ந்து ஒத்துப்போவதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைப் பொறியாளர்கள் நன்கு அறிவார்கள். இரண்டாவதற்கு ஒரு விலை உண்டு. விதியிலேயே பிழை இருந்தால் எல்லாப் பிரதியும் ஒரே மாதிரி பிழையாக இருக்கும், திருத்தம் வந்தால் அதை எல்லோரும் ஒரே நாளில் ஏற்கவேண்டும்.

நம் போன்களுக்குள்ளும் அப்படி ஒரு வாய்பாடு இருக்கிறது. உலகின் எந்த ஊரில் எந்த ஆண்டு எந்தத் தேதியில் கடிகாரம் எவ்வளவு நகர்ந்தது என்ற நேர மண்டல அட்டவணை. அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தில் வேலைபார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன் எண்பதுகளில் தொடங்கியது. பின்னர் பால் எக்கெர்ட் பராமரித்து வருகிறார். தன்னார்வலர்களின் மின்னஞ்சல் விவாதங்களில்தான் அது வளர்கிறது. ஒவ்வொரு திங்களும் காலை பத்து மணி என்று குறித்தால், ஒழுங்கான காலண்டர் அதை உலகப் பொது நேரமாக மாற்றி வைத்துக்கொள்ளாது. 'இன்ன ஊரின் பத்து மணி' என்றே வைத்துக்கொண்டு, காட்டும்போது இந்த அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடும். 2011இல் இதற்கு ஓர் ஆபத்து வந்தது. அட்டவணையிலுள்ள பழைய தகவல்கள் தங்கள் நூலிலிருந்து எடுத்தவை என்று அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க நிறுவனம் ஓல்சன், எக்கெர்ட் இருவர் மீதும் வழக்குப் போட்டது. அது ஜோதிட மென்பொருள் விற்கும் நிறுவனம்! பிறந்த நேரத்தைத் துல்லியமாகக் கேட்பவர்கள் உலகெங்கும் ஜோதிடர்கள்தானே. ஓல்சனின் சர்வர் நின்றது; சில நாட்களிலேயே ஐகான் அமைப்பு அட்டவணையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2012 பிப்ரவரியில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது.

அட்டவணை அரசாங்கம் சொல்வதைக் கேட்கிறது. அரசாங்கம் சொல்வதை மக்கள் கேட்காவிட்டால்? லெபனானில் 2023 மார்ச் மாத இறுதியில் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தவேண்டிய வாரம். இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, ரமலான் முடியும்வரை தள்ளிவைப்பதாகப் பிரதமர் நஜீப் மிக்காத்தி அறிவித்தார். மரோனைட் திருச்சபை ஏற்கவில்லை. சில தொலைக்காட்சிகளும் ஏற்கவில்லை. ஒரே தெருவில் இரண்டு மணி ஓடியது. கைபேசி நிறுவனங்கள் நேரத்தைக் கையாலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பின. சில நாட்களில் அமைச்சரவை முடிவை மாற்றியது. எக்கெர்ட் முதலில் அரசு அறிவிப்பைச் சேர்த்து ஒரு பதிப்பு வெளியிட்டு, அதைத் திரும்பப் பெற்று இன்னொரு பதிப்பு வெளியிட்டார். முதல் பதிப்பை வாங்கிய கருவிகள் இரண்டாவதை எப்போது வாங்கின என்பது தயாரிப்பாளர் விட்ட வழி.

நமக்குப் பக்கத்தில் இது பத்தாண்டு நீடித்தது. இலங்கை 1996 மே மாதம் மின் தட்டுப்பாட்டுக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்தது, அதே அக்டோபரில் அரை மணி பின்னே வைத்தது. கிரீன்விச்சுக்கு ஆறு மணி முன் என்ற அந்த நிலை 2006 ஏப்ரல் 15வரை இருந்தது. அன்றுதான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினார்கள். விடுதலைப் புலிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவே இல்லை. அவர்கள் கட்டுப்பாட்டிலிருந்த இடங்களில் ஐந்தரையே ஓடியது. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 சாலை திறந்தபோது, வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் கணக்குப்படி ஓமந்தையில் அரை மணியை இழுத்துப் பின்னே வைத்து, முகமாலையில் மறுபடி முன்னே வைக்கவேண்டும். அட்டவணையில் கொழும்பு என்ற பெயரில் ஒரே ஒரு மண்டலம்தான் உண்டு. வன்னியில் ஓடிய நேரம் மண்டலம் ஆகவில்லை. கோப்பின் விளக்கக் குறிப்பில், செய்தி நிறுவனமொன்றின் வாசகமாக மட்டும் வருகிறது. அந்த ஆண்டுகளில் கிளிநொச்சியில் காலை ஒன்பது மணிக்கு நடந்த ஒன்றைப் பழைய தேதியிட்டு இன்றைய காலண்டரில் கொழும்பு நேரமாகக் குறித்தால் அது அரை மணி முன்பே நடந்ததாக உலகத்துக்குச் சொல்லும். அட்டவணையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. நம்ப ஓர் ஆவணம் வேண்டும், ஆவணத்தை அரசு தருகிறது. மாற்றுச் சொல்லை அழிக்காமல் ஓரத்திலாவது எழுதி வைத்ததே பெரிது. நம் போனுக்குள் அந்த ஓரக்குறிப்பு வருவதில்லை, கணக்கு மட்டும்தான் வருகிறது.

இரண்டு சொல்லும் அம்பலம் ஏறி அருகருகே நிற்கும் காலண்டர் ஒன்று நம்மிடமே இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் விதி பழையது; வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கில் போடுவது திருக்கணிதம். இரண்டும் திதியில் சில நாழிகை வேறுபடும், கிரகப் பெயர்ச்சியிலோ மாதக்கணக்கில் வேறுபடும். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2023 ஜனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அது நடந்தது 2023 டிசம்பர் 20. பதினோரு மாதம் சனி இரண்டு ராசியில் இருந்திருக்கிறார். எந்த மென்பொருளும் இதைப் பிழை என்று துள்ளும். எங்கள் பக்கத்தில் யாரும் துள்ளவில்லை. எந்தக் கணக்கு என்று சேர்த்தே சொன்னார்கள், சிலர் இரண்டு தடவையும் எள் விளக்கு ஏற்றினார்கள். ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தேதியோடு அதன் மூலத்தையும் சொல்லும் பழக்கத்தின் மீது உண்டு.

திதி விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டுதோறும் திரும்பும் நிகழ்ச்சி என்று பிறந்தநாளைப் போடலாம், திவசத்தைப் போட முடியாது. கிரெகோரியன் அல்லாத காலண்டர்களில் திரும்பும் நாட்களைக் குறிக்க 2015இல் ஆர்.எஃப்.சி. 7529 வந்தது. சீனப் புத்தாண்டை அதில் எழுதலாம். யூதக் காலண்டரின் மிகைமாதத்தையும் எழுதலாம். அது ஏற்கும் காலண்டர் பட்டியலில் இந்தியாவின் பெயரில் இருப்பது 1957இல் அரசு ஏற்ற சக தேசிய நாட்காட்டி. அந்தக் காலண்டரில் மாதம், தேதி உண்டு, திதி இல்லை. திதி என்பது சூரியனைவிட்டுச் சந்திரன் பன்னிரண்டு பாகை விலகும் காலம். அது நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவதில்லை, சில சமயம் ஒரு நாளைவிடக் குறைவு, சில சமயம் கூட.

ஒரு திதி செவ்வாய் மாலை ஆறு மணிக்குத் தொடங்கிப் புதன் மாலை ஐந்து மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம், இந்திய நேரத்தில். திவசத்துக்குப் பிற்பகலில் திதி நிற்கவேண்டும் என்பது வழக்கம். சென்னையில் இருக்கும் அண்ணனுக்குப் புதன்கிழமை. டொரோண்டோவில் இருக்கும் தம்பிக்குக் கோடைக்காலக் கணக்கில் அதே திதி செவ்வாய் காலை எட்டரைக்குத் தொடங்கிப் புதன் காலை ஏழரைக்கே முடிந்துவிடுகிறது. அவருக்குச் செவ்வாய். ஒரே தகப்பனார், ஒரே திதி, இரண்டு தேதி, இரண்டும் சரி. குடும்பக் காலண்டரில் அண்ணன் புதன்கிழமை என்று முழுநாள் நிகழ்ச்சியாகப் போட்டால், ஒத்திசைவு தன் கடமையைக் குறையில்லாமல் செய்து தம்பியின் போனிலும் புதன் என்றே காட்டும். இந்த இடத்தில் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் சரி.

ஆகவே செய்கிறவர்கள் செய்வது இதுதான்: அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று இரண்டு பதிவு போடுகிறார்கள், திரும்பும் நிகழ்ச்சி என்று குறிக்காமல். அடுத்த ஆண்டுக்கானதை இப்போதே போட்டுவைக்க வழியில்லை. சித்திரைக்குப் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அந்தந்த ஊர் வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தந்த ஊர்த் தேதியைக் கையாலேயே தட்டிப் போடவேண்டும். தலைப்பில் எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது. தலைப்பு 22 குறியீட்டைத் தாண்டினாலும் பரவாயில்லை, நடுவில் இடைவெளி விட்டுக்கொள்ளலாம்.